கழற்றினால் கூடும் மைலேஜ்

போன மாதம் சித்தப்பா மகன் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் டப்பா. ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுவாரே, அந்த ஓபிடி போர்ட்டில் இதைச் செருகினால் 35% பெட்ரோல் மிச்சமாகுமாம். விலை 799 ரூபாய். ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன சிப், மூன்று எல்இடி, ஒரு பட்டன். காரின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டிய முனைகளில் கம்பியே இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து விளக்கு எரிய விடுகிறது, அவ்வளவுதான். "பச்சை லைட் நல்லா மின்னுச்சேண்ணே" என்றான் பாவமாக.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. 1996இல் ராஜபாளையம் பக்கமிருந்து, பச்சிலையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் வரும் என்ற மூலிகை பெட்ரோல் கிளம்பியபோது வாயைப் பிளந்து நம்பியவர்களில் நானும் ஒருவன். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், காற்றைச் சுழற்றிவிடும் விசிறி என்று எல்லாமே அதில் உண்டு. மிகச் சிலவற்றில்தான் ஏதோ கொஞ்சம் பலன் தெரிந்தது. அதற்காகக் கடைகள் விற்பதை நிறுத்திவிட்டனவா என்ன?

காரில் எதையாவது மாட்டி மைலேஜ் ஏற்றலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏற்கெனவே மாட்டியதைக் கழற்றினால் ஏறும். என் காரில் பார்த்தேன்.

என்னுடையது பத்து வயது பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கிய வாரமே கூரையில் லக்கேஜ் கேரியர் ஏற்றினேன். வருஷத்துக்கு இரண்டு தடவை அதில் சாமான் கட்டுவேன். மீதி நாளெல்லாம் அது சும்மா காற்றைக் கிழித்துக்கொண்டிருக்கும். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாதம் ஒருமுறையாவது போய்வருகிறேன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகள் அத்தனையும் அதை நம்பித்தான் நிற்கின்றன. 80இல் போகிறோம், எதிர்க்காற்று 30 என்றால் காருக்கு அது 110 கிலோமீட்டர் வேகக் காற்று. திரும்பும்போது பின்காற்று தள்ளிவிடும், கணக்கு நேராகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆகாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 110ஐயும் 50ஐயும் வர்க்கமாக்கிச் சராசரி பாருங்கள்: காற்றே இல்லாத நாளைவிட 14% எதிர்ப்பு கூடுதல். கூரையில் கேரியரும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் காற்று அடங்கிய மாசியில் அளந்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் தானாக நிற்கும் முதல் கட்-ஆஃபில் நிறுத்தி ஃபுல் டேங்க். ஊர் போய்த் திரும்பி மறுபடி ஃபுல் டேங்க். கேரியரோடு மூன்று தடவை, கழற்றிவிட்டு மூன்று தடவை. லிட்டருக்குச் சராசரி 17.2 கிலோமீட்டராக இருந்தது 18.6 ஆனது. செலவு பூஜ்யம். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். வெறும் ஆறு ஓட்டம்தான், பெரிய ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த டப்பாக்காரன் காட்டாத வித்தியாசம் இது.

முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டியிருப்பவர்களுக்கும் இதே கதைதான். அது கனமும் சேர்க்கிறது, காற்றையும் தடுக்கிறது. போதாக்குறைக்கு, மோதும்போது ஏர்பேக் விரிவதைக் குழப்பிவிடக்கூடியது. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இன்னும் எத்தனை கார்களில் மின்னுகிறது பாருங்கள்.

டிக்கியையும் ஒருநாள் காலி செய்தேன். அரை மூட்டை சிமென்ட், பழைய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர், அம்மாவின் இட்லிக் கொப்பரை. 45 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1% மிச்சம் என்பார்கள். சிட்டி டிராபிக்கில் நின்று நின்று கிளம்பும்போதுதான் எடை உறைக்கும்.

அப்புறம் டயர். அகலமான டயர் மாட்டினால் கார் 'கெத்தாக' இருக்கும் என்று சித்தப்பா மகன் 165/80 ஆர்14 அளவு இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டான் (முதல் எண்தான் மில்லிமீட்டரில் அகலம்). மைலேஜ் இறங்கிவிட்டது என்று பிறகு புலம்பினான். அகல டயரும் கனமான வீலும் உருட்டக் கூடுதல் சக்தி கேட்பது உண்மைதான். ஆனால் அவன் புலம்பலில் கொஞ்சம் பொய்யும் கலந்திருந்தது. புது டயரின் விட்டம் 2.4% பெரியது. அதாவது மீட்டர் 100 காட்டும்போது கார் 102.4 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மீட்டரை நம்பிக் கணக்குப் போட்டால் நிஜத்தைவிட மோசமாகத்தான் தெரியும். சொன்னேன். லேசாகச் சமாதானமானான், டயரை மட்டும் மாற்றவில்லை.

டயர் அளவைவிட முக்கியம் காற்று. பங்க்கில் "எவ்ளோ சார், முப்பதா?" என்று கேட்டால் நாமும் பழக்கதோஷத்தில் தலையாட்டுகிறோம். டிரைவர் கதவைத் திறந்தால் பில்லரில் ஸ்டிக்கர் இருக்கும், உங்கள் காருக்கு என்ன வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். வெறுங்காருக்கு ஒன்று, ஆள் நிரம்பிய காருக்கு ஒன்று. 20 கிலோமீட்டர் வெயிலில் ஓட்டிவிட்டு அளந்தால் சூட்டில் அளவு ஏறித்தான் காட்டும். நான் ஒரு சின்ன கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு காலையில் வண்டி எடுக்குமுன் பார்க்கிறேன். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். இலவசமாக அடிக்கும் காற்றிலேயே 78% அதுதான்.

என் காரில் பெட்ரோலை ரொம்ப நாளாகத் திருடிக்கொண்டிருந்த ஆள் வேறு. ஹைவேயில் இறங்கி டீ குடிக்கும்போது ஒவ்வொரு வீல் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது என் அப்பா பழக்கிய வேலை. தொடக் கூடாது, பக்கத்தில் கொண்டுபோனாலே அனல் தெரியும். இடது முன்பக்கம் மட்டும் கொதித்தது. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகர்வதற்கான 'பின்' என்ற சின்னக் கம்பி துருப்பிடித்து இறுகி, பேட் எப்போதும் வீலோடு சுற்றும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு முன் இரண்டு சர்வீஸ் முடிந்திருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் பின்னைக் கழற்றி, சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போட்டு 300 ரூபாய் வாங்கினார். சமதரையில் நியூட்ரலில் கார் உருளும் விதமே மாறிப்போனது.

அதே அண்ணனோடு ஆயில் விஷயத்தில்தான் எனக்கு ஒத்துப்போகவில்லை. "நம்ம ஊரு வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் சார் தாங்கும்" என்பது அவர் கட்சி. இப்போதைய சின்ன பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற இளகிய ஆயிலைத்தான் கம்பெனி சொல்கிறது. அதில் திக்கான 20டபிள்யூ-40ஐ ஊற்றினால் இன்ஜின் தன் ஆயிலைத் தள்ளவே பெட்ரோல் செலவழிக்கும். புத்தகத்தில் உள்ளதை ஊற்றுங்கள், அதைவிட இளகியதும் வேண்டாம்.

ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் எகிறும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றபடிதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் அடைத்துப்போன ஃபில்டரோடு ஓட்டிப் பார்த்தது. பிக்கப் குறைந்தது, மைலேஜ் மாறவில்லை. இன்ஜினுக்காக மாற்றுங்கள், பர்ஸுக்காக வேண்டாம். குளிர்நாட்டுக்காரர்கள் முன் கிரில்லை அட்டை வைத்து மூடி மைலேஜ் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் பழிவாங்கிவிடும்.

சரி, எதையாவது மாட்டியே தீருவேன் என்பவருக்கு ஒன்று சொல்கிறேன். அதே ஓபிடி போர்ட்டில் செருகும் புளூடூத் ரீடர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது எதையும் மிச்சப்படுத்தாது. பெரும்பாலான கார்களில், இந்த நிமிஷம் லிட்டருக்கு எத்தனை ஓடுகிறது என்று போனில் காட்டும். 100இலிருந்து 80க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு 36% குறைகிறது என்று படித்தபோது என் கால் கேட்கவில்லை. எண் கண்முன்னே ஏறியபோது கேட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இப்போது பங்க்கில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆக டேங்க்குக்குள் வருவதே சுத்தமான பெட்ரோலைவிட 6, 7% சக்தி குறைந்த சரக்கு. பழைய கார் வைத்திருப்பவர் என்னதான் கழற்றினாலும் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவதிலேயே பாதி போய்விடும். இதில் எனக்குக் கோபம் உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும்.

கேரியர் இப்போது மொட்டை மாடியில் கிடக்கிறது. பொங்கலுக்கு மட்டும் மறுபடி மாட்டுவேன். தங்கைக்குப் பொங்கல்படி கொண்டுபோக வேண்டும், கரும்புக் கட்டு காருக்குள் நுழையாது.