கேத்தியை விட்டுவிட்டீர்களே

1947-இல் வந்த ‘ஜென்டில்மேன்ஸ் அக்ரிமெண்ட்’ படத்தைப் பற்றிய கட்டுரையில் கிரிகரி பெக்கைப் பாராட்டியது சரி. யூதன் என்று சொல்லிக்கொண்டு வெறுப்பை நேரில் அனுபவிக்கும் பத்திரிகையாளர் வேடம் அவருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் எனக்குப் படத்தின் உயிர் அவருடைய காதலியாக வரும் கேத்திதான். விருந்தில் ஒருவர் யூதர்களை மட்டம் தட்டி ஜோக் அடித்தார், எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது என்று டேவ் என்ற பெக்கின் யூத நண்பனிடம் பொருமுகிறாள். அவன் கோபப்படவில்லை. சரி, நீ என்ன செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான், அவ்வளவுதான். அவளிடம் பதில் இல்லை. (டேவாக வரும் ஜான் கார்ஃபீல்டு நிஜத்திலும் யூதர், பெரிய ஸ்டாராக இருந்தும் இந்தச் சின்ன வேடத்தை ஏற்றார்.)

அப்புறம் பத்திரிகையில் பெக்கின் செயலாளராக வரும் யூதப் பெண். யூதப் பெயரில் விண்ணப்பித்தபோது கிடைக்காத வேலை, பெயரை மாற்றி எழுதியதும் அதே பத்திரிகையில் கிடைக்கிறது. அவளே பிறகு ‘அந்த மாதிரி’ யூதர்கள் உள்ளே வந்துவிடுவார்களே என்று பயப்படுகிறாள்!

பெக்கும் கேத்தியும் மறுபடி சேரும் முடிவுதான் அவசரக் கோலம். செலஸ்ட் ஹோம் நடித்த, பத்திரிகையில் கூட வேலை பார்க்கும் ஆன்தான் பெக்குக்கு ஏற்ற ஜோடி. ஆஸ்கராவது ஹோமுக்குக் கிடைத்தது.