பங்க் ராக்கில் முதலில் வந்தவர்கள்

பங்க் ராக் என்ற வேகமான, முரட்டு ராக் இசை என்றாலே செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் என்று இரண்டு குழுக்களின் பெயரோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாகவே கடுப்பு. பிரிட்டிஷ் பங்க் குழுக்களில் முதல் சிங்கிள் (ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சின்ன இசைத்தட்டு) போட்டது தி டேம்ட். 'நியூ ரோஸ்', 1976 அக்டோபர் 22. பிஸ்டல்ஸின் முதல் சிங்கிள் வர இன்னும் ஒரு மாதம் ஆனது. பிரிட்டிஷ் பங்க்கின் முதல் ஆல்பமும் டேம்ட் குழுவுடையதுதான், 1977 பிப்ரவரியில். அமெரிக்காவுக்குப் போய் முதலில் வாசித்த பிரிட்டிஷ் பங்க் குழுவும் இவர்களே.

ஆட்களைப் பாருங்கள். பாடகர் டேவ் வேனியன் சவக்குழி தோண்டியவர், மேடைக்கும் டிராகுலா மாதிரி வெள்ளை முகத்தோடுதான் வருவார். டிரம்மர் ராட் ஸ்கேபீஸும் பேஸ் கிடார் வாசித்த கேப்டன் சென்சிபிளும் குராய்டனில் ஒரு அரங்கத்தில் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கள். கிடாரில் பிரையன் ஜேம்ஸ், பாட்டுகளில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. 1976 ஜூலை 6 அன்று லண்டனில் '100 கிளப்' என்ற இடத்தில் பிஸ்டல்ஸுக்கு முன்னால் வாசித்தார்கள், அடுத்த நாலு மாதத்துக்குள் தட்டு கடைக்கு வந்துவிட்டது.

'நியூ ரோஸ்' ஆரம்பத்தைக் கேளுங்கள். வேனியன் எந்த உணர்ச்சியும் காட்டாமல் ஒரு கேள்வி கேட்பார், உடனே ராட் டிரம்ஸை உருட்ட ஆரம்பிப்பார், அப்புறம் கிடார் பாயும். நிக் லோ தயாரிப்பில், எட்டே டிராக் (தனித்தனியாக ஒலி பதியும் தடம்) கொண்ட சின்ன ஸ்டூடியோவில் பதிவானது. சத்தம் கொஞ்சம் கரகரப்புதான், அதை மெருகேற்றியிருந்தால் பாட்டே செத்திருக்கும்.

அப்புறம் ஏன் பெயர் பின்னால் போனது? 1976 டிசம்பரில் டிவியில் பிஸ்டல்ஸ் கெட்ட வார்த்தை பேசி தலைப்புச் செய்தி ஆனார்கள், அதே மாதம் இரு குழுக்களும் சேர்ந்து கிளம்பிய சுற்றுப்பயணத்திலிருந்து டேம்ட் பாதியில் கழற்றிவிடப்பட்டார்கள். பிஸ்டல்ஸுக்கு விளம்பரக் கலை தெரிந்த மால்கம் மெக்லாரன் மானேஜர், கிளாஷுக்கு அரசியல். டேம்ட்டிடம் கோமாளித்தனமும் வேகமும் மட்டும்தான் இருந்தன. வரலாறு எழுதுகிறவர்களுக்குக் கோஷம் வேண்டும், சிரிக்கிறவனைப் பிடிக்காது.

அதற்காக இவர்கள்மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது ஆல்பத்தைத் தயாரிக்க பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் பழைய பாடகர் சிட் பாரெட்டைத் தேடி, அவர் கிடைக்காமல் அதே குழுவின் டிரம்மர் நிக் மேசனைப் பிடித்தார்கள். ஆல்பம் ஊத்திக்கொண்டது, 1978 தொடக்கத்தில் குழுவே கலைந்தது. திரும்பச் சேர்ந்தது தனிக்கதை.

அந்த முதல் சிங்கிளின் பின்பக்கத்தில் பீட்டில்ஸின் 'ஹெல்ப்' இருக்கிறது, இரண்டு நிமிஷத்துக்குள் அடித்துத் துவைத்திருப்பார்கள். பீட்டில்ஸ் பக்தர்கள் கேட்டுவிட்டு இங்கே வந்து என்னைத் திட்ட வேண்டாம்.