ஃபயர்வால் ஓட்டை: களவு போவது எதுவுமில்லை

கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஃப்ரீபிஎஸ்டி ஃபயர்வாலில் ஓட்டை. ஒரே பாக்கெட்டில் வங்கிக் கடவுச்சொல் பறிபோகும். உடனே ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள்!" இது தவறு. ஃப்ரீபிஎஸ்டி என்பது கணினியை இயக்கும் ஓர் இயங்குதளம்; ஃபயர்வால் என்பது வலையிலிருந்து வருவதை வடிகட்டும் காவல் மென்பொருள்; பாக்கெட் என்பது வலையில் போகும் தரவுப் பொட்டலம்.

ஓட்டை இருந்தது உண்மைதான்; ஆனால் அது 2006 ஜனவரி சங்கதி. பெரிய பாக்கெட்டுகள் வழியில் துண்டுகளாக உடைந்து வருவதுண்டு. அவற்றைக் கணக்கு வைக்கும் 'பிஎஃப்' என்ற ஃபயர்வாலில், ஒரே துண்டு இருமுறை பதிவாகும் பிழை இருந்தது. பச்சைத் தேயிலை எடை போடுமிடத்தில் ஒரே மூட்டைக்கு இரண்டு சீட்டு விழுவதைப் போல. கணக்கு உதைத்ததும் இயங்குதளத்தின் மையமான கர்னல் நின்றுவிடும், கணினி விழுந்துவிடும். அவ்வளவுதான், கடவுச்சொல் எதுவும் வெளியே போகாது. அதுவும் துண்டுகளைக் கையாளும் ஃபயர்வால் விதிகளில் 'ஸ்க்ரப் ஃபிராக்மென்ட் கிராப்' அல்லது 'டிராப்-ஓவிஎல்' என்று எழுதியிருந்தவர்களுக்கு மட்டுமே இந்தத் தொல்லை. திருத்தமும் அப்போதே வந்துவிட்டது.

அணைக்கச் சொன்னதுதான் விஷமம். ஓர் ஓடு ஒழுகினால் கூரையையே பிரித்துப் போடுவார்களா?