பழைய ஆலயத்தில் பள்ளிக்கூடம்: மனு கொடுத்தவர்கள் எதிரிகள் இல்லை

இரண்டு வாரமாக எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். வெளியூர் நண்பர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். எங்கள் கிறிஸ்தவ சபைக்குப் புதிய ஆலயம் கட்டிய பிறகு பழைய ஆலயத்தை ஓய்வுநாள் பள்ளிக்கு, அதாவது பிள்ளைகளின் ஞாயிறு வேத வகுப்புக்கு, மட்டும்தான் திறக்கிறோம். அதை ஒரு தனியார் அறக்கட்டளைக்கு வாடகைக்கு விட்டு, எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் தொடங்கச் சபையில் முடிவானது. சுவரில் அட்மிஷன் போர்டும் ஏறிவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் மனு கொடுத்தார்கள். இது குடியிருப்புப் பகுதி, கட்டடத்துக்கு இருப்பது ஆராதனைக்கான அனுமதி, பள்ளிக்கூடமாக மாற்ற யாரும் அனுமதி வாங்கவில்லை என்பது அவர்கள் வாதம். வேலை நின்றது. அன்று ராத்திரியே குழுவில் ‘நம்ம சபைக்கு எதிரா கிளம்பிட்டாங்க’ என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் அந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவள். பள்ளிக்கூடம் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறவள். ஆனாலும் மனுவில் இருப்பது நியாயம் என்றுதான் சொல்வேன்.

ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்திலிருந்து சபை போன இடமெல்லாம் பள்ளிக்கூடமும் கூடவே போயிருக்கிறது. பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்து 1859 வரை நீண்ட தோள்சீலைப் போராட்டத்தில், எதிர்த்தவர்கள் ஆலயத்தோடு சேர்த்துப் பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் 1864-ல் கத்தோலிக்கக் குருவான சாவறை அச்சன், பள்ளிதோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று உத்தரவே போட்டார். மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயம், நமக்குப் படிக்கிற இடம். அதற்கும் முன்னால் சமணர்கள் தங்கிப் படித்த இடத்துக்கும் பள்ளி என்றுதான் பெயர். அவர்கள் இருந்த சிதறால் மலை இங்கே பக்கம்தான். என் பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்ததும் இதே பழைய ஆலயத்துத் தரையில் உட்கார்ந்துதான்.

இதையெல்லாம் சொல்லித்தான் ‘அனுமதி எதுக்கு?’ என்று கேட்கிறார்கள். எனக்கோ உடனே கும்பகோணம் ஞாபகம் வருகிறது. 2004 ஜூலை 16. சமையல் கூடத்தில் பிடித்த தீ மேல்மாடிக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். நெருக்கமான கட்டடம், குறுகின படி. இன்றைக்குப் பள்ளிக்கூட அங்கீகாரம் கேட்டுப் போனால் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்களே, அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை வெறும் காகிதத் தொல்லை என்று பேச எனக்கு வாய் வராது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பழைய ஆலயத்துக்குள் போய் நின்று பார்த்தேன். முன்வாசல் கதவு பழைய பலாமரக் கதவு, உள்பக்கமாகத்தான் திறக்கும். பத்துப் பிள்ளைகள் பயந்துபோய் ஒரே நேரத்தில் அதன்மேல் சாய்ந்தால் திறக்கவே முடியாது. வாசல்படி என் முழங்காலுக்குப் பாதி இருக்கிறது, எல்.கே.ஜி. பிள்ளை கையை ஊன்றித்தான் ஏறும். பக்கத்துக் கதவு ஒன்று உண்டு. அதை அடைத்துப் பழைய பாட்டுப்புத்தக பீரோவை நிறுத்தியிருக்கிறார்கள், எத்தனை வருஷமாக என்று யாருக்கும் நினைவில்லை.

அப்புறம் ஆலயத்துக்குப் போகிற அந்த இடவழி. எதிரே ஆட்டோ வந்தால் பைக்கை ஓரம் கட்டி மதிலோடு ஒட்டி நிற்கிற வழி. ஞாயிற்றுக்கிழமை நாம் நடந்து போகிறோம், நடந்து வருகிறோம், ஒரு வருஷத்தில் 52 நாள். பள்ளிக்கூடம் என்றால் தொடக்க வகுப்புகளுக்குச் சட்டப்படியே 200 வேலைநாள். தினமும் காலையில் வேன், ஆட்டோ, பைக் எல்லாம் அரைமணி நேரத்துக்குள் அந்த வழியில் வரும், சாயங்காலம் மறுபடியும் வரும். ஆலயத்துக்குக் கொடுத்த அனுமதி பள்ளிக்கூடத்துக்குச் செல்லாது என்பதற்கு இதுதான் காரணம். சிலுவை பிடிக்காமல் யாரும் இதைச் சொல்லவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் நம் சபையார்தான், அதைக் குழுவில் யாரும் சொல்லவில்லை.

மனு கொடுத்தவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் சத்தம் போடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பிள்ளைகள் சத்தம் கேட்காத ஊர் எதற்கு? கதவு, வழி, கழிப்பறை எல்லாம் சரியாகி அனுமதியும் வந்த பிறகு எதிர்த்தால், நான் அன்றைக்கு உங்களுக்கு எதிரே நிற்பேன்.

சபையில் பெரியவர்களிடம் கேட்பது இதுதான். போர்டை இறக்குங்கள். பயன்பாட்டை மாற்ற முறைப்படி விண்ணப்பியுங்கள், ஆட்சேபம் கேட்கட்டும், பதில் சொல்லுவோம். இந்த ஜூனில் முடியாவிட்டால் அடுத்த ஜூன். ‘கட்டடக் கடன் இருக்கே, வாடகை வேண்டாமா’ என்றால், கூடுதல் காணிக்கை எடுப்போம்; முதல் ஆளாக நான் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டேப் எடுத்துக்கொண்டு பழைய ஆலயத்துக்கு வருகிறேன். மேலவீட்டு அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. இடவழியை அளக்க வேண்டும். அந்த பீரோவை நகர்த்த இன்னும் இரண்டு பேர் வேண்டும், முடிந்தவர்கள் வாருங்கள்.