வடிகால் வெட்டியது நகராட்சி என்றால் வழக்கே போட முடியாதா?

"சட்டப்படி அதிகாரம் உள்ள நகராட்சி வடிகால் வெட்டி, உங்கள் வயலில் தண்ணீர் நின்றாலும் நஷ்டஈடு கேட்க முடியாது" என்று நண்பர் எழுதியிருப்பது பாதிதான் சரி. இதை நம்பி யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது.

1878இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமும் அதுதான்) தீர்த்த கெடிஸ் வழக்கைப் பாருங்கள். அயர்லாந்தில் பான் நீர்த்தேக்கத்தை நடத்தியவர்கள், சட்டம் தந்த அதிகாரத்தின்படிதான் ஓடையில் தண்ணீர் விட்டார்கள். ஆனால் அந்த ஓடையைத் தூர்வாரும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. வாரவில்லை, கரை மீறி அடுத்தவர் நிலம் மூழ்கியது. அதிகாரம் இருந்தும் கவனக்குறைவாகச் செய்தால் வழக்கு செல்லுபடியாகும் என்று தீர்ப்பானது. இந்திய நீதிமன்றங்களும் இதை எடுத்துக்காட்டியிருக்கின்றன. கவனமாகச் செய்தும் தவிர்க்க முடியாமல் வந்த சேதம் என்றால் நிலைமை வேறு. அங்கே நண்பர் சொல்வது பொருந்தும்.

அப்புறம், "நிதி இல்லை" என்று நகராட்சி சொல்லும் பதில். ரத்லாம் நகராட்சி வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அது நஷ்டஈட்டு வழக்கல்ல, சாக்கடையைச் சரிசெய்யச் சொன்ன உத்தரவு; ஆனாலும் அந்தச் சாக்கு எடுபடவில்லை.

தண்ணீர் நிற்கும்போதே தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். உள்ளாட்சி மீதான வழக்குகளுக்கு முன்னறிவிப்பு, காலக்கெடு போன்ற நிபந்தனைகள் இருக்கலாம் என்பதால் வக்கீலைச் சீக்கிரமே பாருங்கள்.