ஒரே ஒரு கோல்

“கணக்குப்படி நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது, மாமா.”

செவ்வாய்க்கிழமை இரவு என் அக்கா மகன் இதைச் சொன்னபோது அவன் கையில் ஒரு நாட்காட்டித் தாள் இருந்தது. மளிகைக் கடையில் கொடுத்த தினசரி நாட்காட்டியில் 2025 செப்டம்பர் 9-ஐக் கிழித்து, பின்பக்கத்தில் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கால்பந்துக் கோப்பைத் தகுதிச்சுற்றின் பதினொரு குழுக்களையும் வரிசையாக எழுதி வைத்திருந்தான். எந்த நாடு எந்த நாட்டிடம் தோற்க வேண்டும், எங்கே சமன் ஆனால் நமக்கு நல்லது, கோல் வித்தியாசம் எவ்வளவு இருந்தால் போதும் என்று தாள் முழுக்க அம்புக்குறிகள். பரீட்சைக்குக்கூட அவன் இப்படி உழைத்ததில்லை. முன்பக்கத்தில் விருச்சிக ராசிக்கு நேராக ‘பொறுமை’ என்று போட்டிருந்தது. அவன் ராசி அதுதான்.

நள்ளிரவு தாண்டியபோது அந்த அம்புக்குறிகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அந்த ஆசியக் கோப்பை நடந்தது 2026 ஜனவரியில், சவூதி அரேபியாவில். மொத்தம் 16 அணிகள். போட்டியை நடத்தும் நாடு, பதினொரு குழுக்களில் முதலிடம் பிடித்தவர்கள், இரண்டாம் இடக்காரர்களில் சிறந்த நால்வர். இவற்றில் எதிலும் இந்தியா இல்லை. இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு முறைகூட இருந்ததில்லை.

தகுதிச்சுற்று நடந்த தோஹாவில் நம் பையன்கள் மோசமாக ஆடினார்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். முதல் ஆட்டத்தில் பஹ்ரைனை 2-0 என்று வென்றார்கள். பஹ்ரைன் லேசான அணி அல்ல. முதல் பாதியில் சுஹைல் ஒன்று, கடைசி நேரத்தில் ஷிவால்டோ ஒன்று. அன்றிரவு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி ‘யாருக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்கும் அளவுக்கு நாங்கள் கத்தினோம். கடைசி ஆட்டத்தில் புருனேயை 6-0. விபின் மோகனன் ஏழு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டு, பிற்பாதியில் மூன்றாவதையும் போட்டார். ஐமன் இரண்டு, ஆயுஷ் சேத்ரி ஒன்று.

நடுவில் வந்ததுதான் அந்தச் சனிக்கிழமை. எதிரே கத்தார், அவர்கள் மண்ணில்.

18-வது நிமிடத்தில் அவர்கள் முந்தினார்கள். இடைவேளை முடிந்து வந்ததும் 52-வது நிமிடத்தில் சுஹைல் சமன் செய்தார். அதற்கடுத்த பதினைந்து நிமிடத்தை நான் சீக்கிரம் மறக்கமாட்டேன். கத்தார் தன் வீட்டிலேயே தடுமாறியது. பையன் நாற்காலியில் உட்காரவில்லை, கைப்பேசியைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தான். பிறகு நம் பெனால்டி பெட்டிக்குள் ஒரு தடுமாற்றம், விசில். நம் தடுப்பாட்டக்காரர் பிரம்வீருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, அதைத் தொடர்ந்து சிவப்பு. 67-வது நிமிடத்தில் பெனால்டி. 2-1. மிச்ச நேரம் பத்து பேரோடு ஓடினோம். எவ்வளவு ஓடினாலும் அந்த ஒரு கோல் வரவில்லை.

முகநூலில் அன்றிரவே ஆரம்பித்துவிட்டது. நடுவர் சரியில்லை, அந்தப் பையன் அவசரப்பட்டுவிட்டான், பயிற்சியாளர் நௌஷாத் மூசா ஆளை மாற்றியிருக்க வேண்டும். இந்தப் பேச்செல்லாம் எனக்கு அலுத்துவிட்டது. ஏனென்றால் இந்த ஆட்டத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஒரு முறை அல்ல.

2024 செப்டம்பரில் லாவோஸில் நடந்த தகுதிச்சுற்றில் நம் 20 வயதுக்குட்பட்டோர் அணி. மங்கோலியாவை 4-1, லாவோஸை 2-0. நடுவில் ஈரானிடம் 0-1. இரண்டாம் இடம், வீட்டுக்கு டிக்கெட். அடுத்த மாதமே தாய்லாந்தில் 17 வயதுக்குட்பட்டோர் அணி. புருனேயை 13-0, துர்க்மெனிஸ்தானை 1-0. கடைசியில் தாய்லாந்திடம் 2-3. இரண்டாம் இடம், வீட்டுக்கு டிக்கெட். இன்னும் பின்னால் போனால் 2021-இல் இதே 23 வயதுக்குட்பட்டோர் அணி ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓமனை 2-1 என்று வென்றது. போட்டியை நடத்திய அமீரகத்திடம் 0-1 என்று தோற்றது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

வயது வேறு, ஊர் வேறு, பயிற்சியாளர் வேறு, பையன்கள் வேறு. தோல்வி மட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. ஜெயிக்க வேண்டிய அந்த ஒரு ஆட்டத்தில், ஒரே ஒரு கோலில்.

‘நூலிழையில் தவறவிட்டோம்’ என்று எழுதுகிறவர்களுக்கு என் கேள்வி: ஒரே நூல் நான்கு முறை அறுந்தால் அதற்குப் பெயர் துரதிர்ஷ்டமா? நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஒரே இடத்தில் நான்கு முறை மை அப்பினால் காகிதத்தைத் திட்டமாட்டோம், இயந்திரத்தைத்தான் பிரிப்போம்.

இங்கே இயந்திரம் என்ன? நம் நாட்டில் இருபது வயதுப் பையன் ஆண்டுக்கு எத்தனை நிஜமான ஆட்டம் ஆடுகிறான் என்பதுதான். பயிற்சி முகாம் அல்ல, நட்பு ஆட்டம் அல்ல. தோற்றால் மறுநாள் மைதானத்துக்குப் போக வெட்கமாக இருக்குமே, அந்த மாதிரி ஆட்டம். பெட்டிக்குள் எதிராளி காலை நீட்டும்போது காலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்ற அறிவு கரும்பலகையில் வராது. நூறு தடவை அந்த இடத்தில் நின்று, பத்து தடவை பெனால்டி கொடுத்துத் திட்டு வாங்கினால்தான் வரும். நம் பையன்கள் அந்தப் பத்துத் தடவையையும் நாட்டுக்காக ஆடும்போதுதான் கொடுக்கிறார்கள்.

நம்மிடம் ஒரு காலத்தில் ‘இந்தியன் ஆரோஸ்’ என்று ஓர் அணி இருந்தது. 2010-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே தொடங்கியது. வெளிநாட்டு வீரர் கிடையாது, எல்லோரும் சின்னப் பையன்கள். ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் வளர்ந்த ஆட்களோடு மோதி வாரா வாரம் அடி வாங்குவார்கள். 2017-இல் டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலை அடித்தாரே ஜீக்சன் சிங், அந்த அணியில் பலர் அடுத்த மாதங்களில் ஆரோஸ் சட்டை போட்டுத்தான் ஆடினார்கள். அட்டவணையில் அந்த அணி பெரும்பாலும் கீழேதான் கிடக்கும். அதனால் என்ன? அது தோற்றுப் பழகுவதற்காகவே கட்டிய அணி. 2022-இல் அதை மூடிவிட்டார்கள்.

உஸ்பெகிஸ்தான் என்ன செய்தது தெரியுமா? கிட்டத்தட்ட அதே நேரத்தில், 2021-இல், தாஷ்கண்டில் ‘ஒலிம்பிக்’ என்று ஓர் அணியை உருவாக்கினார்கள். இளைஞர் தேசிய அணிப் பையன்களை அப்படியே ஒரு கிளப்பாக்கி உள்நாட்டு லீக்கில் இறக்கினார்கள். நம் ஆரோஸ் யோசனைதான், வேறு ஒன்றும் இல்லை. நாம் கடையைச் சாத்திய வேளையில் அவர்கள் திறந்தார்கள். 2023-இல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை அவர்களுக்கு. 2025 ஏப்ரலில் 17 வயதுக்குட்பட்டோர் கோப்பையும் அவர்களுக்கு. அதே ஆண்டு ஜூனில் உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றுவிட்டார்கள், வரலாற்றில் முதன்முறையாக. ஓர் அணி மட்டுமே இதையெல்லாம் செய்துவிட்டது என்று சொல்லவில்லை, அங்கே பயிற்சிக்கூடங்களும் பணமும் பின்னால் இருக்கின்றன. ஆனால் பையன்களை ஆட விட்டார்கள்.

நாம் இங்கே என்ன செய்கிறோம்? ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டத்தில் ஒரு அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரை இறக்கலாம். எங்கே இறக்குவார்கள்? முன்னால் கோல் அடிக்கவும் பின்னால் கோலைத் தடுக்கவும். நம் பையன் ஓரத்தில் ஓடிப் பந்தைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் குளிர்ச்சட்டையோடு பெஞ்சில். 2024-25 சீசனில் ஐ.எஸ்.எல்லில் அதிக கோல் போட்ட இந்தியர் யார்? 40 வயது சுனில் சேத்ரி, 14 கோல். இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றுப் போனவரை 2025 மார்ச்சில் கெஞ்சிக் கூட்டிவந்தோம், அவரும் வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அவரைப் பார்த்துக் கைதட்டினேன். கைதட்டிக்கொண்டே வயிற்றைக் கலக்கியது.

தோஹா ஆட்டங்களின்போது அந்த ஐ.எஸ்.எல்லும் இல்லை. 2025 ஜூலை 11 அன்று, வணிக ஒப்பந்தம் முடியப்போகிறது, புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்று சொல்லி சீசனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. கிளப்புகள் சில முதன்மை அணியின் வேலைகளையே நிறுத்திவிட்டன. இந்தப் பையன்கள் தோஹாவுக்கு விமானம் ஏறியபோது, திரும்பி வந்ததும் எந்த அணிக்காக எந்த மாதம் ஆடப்போகிறோம் என்று தெரியாமல்தான் ஏறினார்கள். அதோடும் பஹ்ரைனை வென்றார்கள். அவர்களைத் திட்டுகிறவர்கள் இதையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

‘140 கோடிப் பேரில் பதினொரு பேர் இல்லையா’ என்று பின்னூட்டம் போட வருகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். மக்கள்தொகை மைதானத்தில் ஓடாது. கத்தாரின் மொத்த ஜனத்தொகை சென்னை மாநகரை விடக் குறைவு.

இன்னொரு கூட்டமும் உண்டு, பழைய பெருமை பேசுகிறவர்கள். அவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன், ஒரு நிமிடத்துக்கு மட்டும். 1974-இல் பாங்காக்கில் ஆசிய இளைஞர் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். ஷபீர் அலி தலைமையில் நம் பையன்கள் ஈரானோடு 2-2 என்று சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள். இருபது வயதுக்குட்பட்டோரில் நாம் ஆசிய சாம்பியன். இதை என் அக்கா மகனிடம் சொன்னபோது, நான் கதை விடுகிறேன் என்று நினைத்தான். ஐம்பது ஆண்டு கழித்து அதே ஈரானிடம் 0-1 என்று தோற்றதை ‘நல்ல ஆட்டம்’ என்று பாராட்டிக்கொண்டிருந்ததும் நாம்தான்.

பெண்கள் பக்கம் வேறு காற்று வீசுகிறது. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று அதன் மண்ணிலேயே வென்று மூத்தோர் அணி ஆசியக் கோப்பைக்குப் போயிற்று. ஆகஸ்டில் மியான்மரில் 20 வயதுக்குட்பட்டோர் அணி, இருபது ஆண்டுக்குப் பிறகு. இரண்டு ஆட்டமும் போட்டியை நடத்தும் நாட்டுக்கு எதிராக, இரண்டும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். அந்த ஒரு கோல் இந்தியாவுக்கும் விழும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். அதைப் பற்றி நாட்டில் எத்தனை பேர் பேசினோம் என்று கேட்டால் எனக்கே வெட்கம், அதனால் விடுகிறேன்.

என் அக்கா மகனுக்கு 19 வயது. உள்ளூர் லீக்கில் ஒரு சின்ன கிளப்புக்குத் தடுப்பாட்டம் ஆடுகிறான். புதன்கிழமை காலை டீ குடிக்கும்போது கேட்டேன்: “போன ஒரு வருடத்தில் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பாய்? புள்ளிக்கான ஆட்டம் மட்டும் சொல்.” விரல் விட்டு எண்ணினான். இரண்டு கை போதவில்லை என்று நான் சந்தோஷப்படுவதற்குள் நின்றுவிட்டான். பதினொன்று. மூன்று ஆட்டம் மழையில் போயிற்று, இரண்டில் எதிரணி வரவே இல்லை. மைதானத்தைப் பொருட்காட்சிக்கு விட்டதால் ஒன்றரை மாதம் பயிற்சியே கிடையாது. இதையெல்லாம் அவன் குறையாகச் சொல்லவில்லை, வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னான்.

பதினொரு ஆட்டம். பிரம்வீர் இதைவிட நிறைய ஆடியிருப்பார், ஒப்பிடவே முடியாது. ஆனால் கத்தார்ப் பையனோடு பிரம்வீரை நிறுத்திப் பார்த்தால், அவருக்கும் என் பையனுக்கும் நடுவே இருக்கும் அதே பள்ளம் அங்கேயும் கண்ணுக்குத் தெரிகிறது.

எனக்கு இதற்கு ஒரு பரிகாரம்தான் தெரியும், அதுவும் புதிதல்ல. ஆரோஸை மறுபடியும் திறங்கள். பெயர் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், யாருடைய படத்தை வேண்டுமானாலும் சட்டையில் போட்டுக்கொள்ளுங்கள். இருபது வயதுக்குட்பட்ட இருபத்தைந்து பையன்கள், ஏதோ ஒரு லீக், வருடத்துக்கு முப்பது ஆட்டம். கடைசி இடத்தில் முடியட்டும். கேலி செய்யட்டும். பெனால்டி கொடுக்கட்டும், சிவப்பு அட்டை வாங்கட்டும். எல்லாவற்றையும் இங்கே வாங்கித் தீர்த்துவிட்டுப் போகட்டும்.

சொல்லச் சொல்ல பையன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் நாட்காட்டியில் 10-ஆம் தேதியைப் பார்த்துவிட்டு வந்தான்.

“என்ன போட்டிருக்கிறது?”

“இன்றைக்கும் ‘பொறுமை’தான், மாமா. அச்சுப் பிழையாக இருக்கும்.”

ஷூவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். பொருட்காட்சி முடிந்துவிட்டதாம், பந்தல் கால் நட்ட குழிகளை மட்டும் இன்னும் யாரும் மூடவில்லையாம். அவனும் இன்னும் நான்கு பேரும் முதலில் மண் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்கள்.