காலிமுகத்திடலைப் பின்னேரத்துக்கு வையுங்கோ

கொழும்பில் காசில்லாமல் ஒரு நாளில் பார்க்கும் இடங்கள் என்று நீங்கள் தந்த பட்டியலில், கடலோரம் இருக்கும் காலிமுகத்திடலை முதலில் போட்டிருக்கிறீர்கள். வன்னியில் இருந்து வாற ஆக்களுக்கு அந்த ஒழுங்கு சரிவராது. கிளிநொச்சி, வவுனியாவில் இரவு பஸ் எடுத்தால் விடியப்புறம் புறக்கோட்டையில் இறக்கிவிடும். திடலில் பகலில் நிழலே கிடையாது.

காலையிலேயே கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குப் போங்கோ. 1907இல் சேர். பொன். இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி தொடங்கிய கோவில். வெளியில் வெயில் எரித்தாலும் உள்தூணில் கை வைத்தால் குளிரும். ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பிந்தினால் கதவைத்தான் பார்க்கலாம். அந்தோனியார் கோவிலும் கிட்டத்தான். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலுக்குத் தொழுகை இல்லாத நேரம், கால்களை மூடிய உடுப்போடு போகவேண்டும். ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்களில் கடைத்தெரு பாதி பூட்டு.

வெயில் ஏற, 138 பஸ்ஸில் நகர மண்டபத்தடியில் இறங்கினால் விகாரமகாதேவி பூங்கா. நல்ல நிழல். பக்கத்து நூதனசாலைக்கு ரிக்கற் உண்டு. கங்காராமை புத்த விகாரையில் வெளிநாட்டுப் பாஸ்போட் உறவுகளிடம் காசு வாங்குவார்கள். அவர்களை மறித்து "இண்டைக்கு யானைத் திருவிழா" என்று ஏமாற்றுகிற ஓட்டோவில் ஏறவேண்டாம். மீற்றர் போடுகிறதைப் பிடியுங்கோ.

நாலரைக்குப் பிறகு கொள்ளுப்பிட்டிச் சந்திக்கு நடந்து, 100 அல்லது 101 பஸ்ஸில் திடலுக்கு. இறால் வடையில் கை வைக்க முதல் விலையைக் கேளுங்கோ.